அறுபத்தெட்டு வரைக்கும் போதும்

வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்த நான்காவது மாடிக்காரர், அதை வாசலில் சாய்த்த கையோடு எங்கள் சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையை விரித்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. பேசினால் விரலை உதட்டில் வைத்து அடக்குவார்.

"மூணு வருஷம்" என்றார் கடைசியில். "நாலாவது வருஷம் உங்க உசிரை வாங்கும். அதுக்குள்ள தள்ளி விட்டுடுங்க."

வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத ஃபிரிட்ஜ் அது. அவரோ நல்ல சேதி சொன்ன திருப்தியில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்து மிக்ஸியின் பக்கம் திரும்பினார். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

எங்கள் குடியிருப்பில் அவருக்குக் கெடுக்காரர் என்று பெயர். தொழில், லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் பாதிக்கு அவர் கை பட்டிருக்கும். கட்டை விரல் நகத்தின் ஓரத்தில் கிரீஸ் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. தெருவில் நடக்கும்போதும் அண்ணாந்து பார்த்தபடிதான் நடப்பார். எதிரில் வருகிறவர்கள்தான் விலகிக்கொள்ள வேண்டும். ஆனால் தன் வீட்டுக்கு மட்டும் நான்கு மாடியும் படியேறித்தான் போவார். "லிஃப்ட்ல ஏறினா காது சும்மா இருக்காதுங்க. வீட்டுக்கு வந்தும் டியூட்டி பார்த்த மாதிரி ஆயிடும்" என்பார்.

அவர் வேலையே அதுதான். கம்பிவடம் இன்னும் எத்தனை நாள் தாங்கும், மோட்டார் எப்போது மூச்சை விடும் என்று முன்கூட்டியே சொல்லி, அறுந்து விழுவதற்கு முன் மாற்ற வைப்பது. அந்தப் பழக்கம் கட்டடத்தோடு நிற்கவில்லை. ஃபேன், செருப்பு, கதவுக் கீல், பக்கத்து வீட்டு நாய் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் கெடு வைத்துவிடுவார். புதிதாகக் குடிவந்த இளம் தம்பதியின் சோபாவில் உட்கார்ந்தபடியே அதற்கு நாள் குறித்தார். அந்தப் பெண் இன்றுவரை அவருக்குக் கதவைத் திறப்பதில்லை. எரிச்சல் என்னவென்றால், மனிதர் சொன்னது பெரும்பாலும் பலித்துவிடும்.

ஒருநாள் அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஓய்வு பெற இன்னும் ஒரு மாதம்தான் என்று பேச்சு வந்தது. டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "எனக்கு அறுபத்தெட்டுங்க."

"அறுபதுதானேண்ணே?"

"வயசைச் சொல்லல. கெடுவைச் சொன்னேன். அப்பா, சித்தப்பா, எங்க அண்ணன், ஒருத்தரும் அறுபத்தெட்டைத் தாண்டல. எங்க வீட்டு ஆம்பளைங்க மோட்டார் அவ்ளோதான்."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி ஒரு மனிதர் தன் சாவைச் சொல்லிவிட்டு, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருக்கிறார். எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி, எனக்கு அண்ணி, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இவருக்கு வேற பேச்சே கிடையாது. நீங்க டீயைக் குடிங்க, ஆறிடும்" என்றார்.

அதிலும் அவர் அழுது வடிகிறவர் இல்லை. கெடு தெரிந்துவிட்டதால் எல்லாம் சுலபம் என்பது அவர் கட்சி. கையில் வரும் பணத்தை எட்டு வருஷத்துக்குப் பங்கு பிரித்து வைத்திருந்தார். முதல் வருஷம் கப்பலில் ஒரு சுற்று. இரண்டாவது வருஷம் அண்ணியின் முட்டிக்கு நல்ல வைத்தியம். மூன்றாவது வருஷம் மகள் குடும்பத்தோடு மலைப்பக்கம். இப்படியே போய், கடைசி வருஷம் கடைசிக் காசும் தீர்ந்துவிட வேண்டும். "நான் போற அன்னிக்கு ஒண்ணும் மிச்சமிருக்கக் கூடாது. மிச்சம் இருந்தா நான் சரியா வாழலைன்னு அர்த்தம்" என்று சிரித்தார். மாதக் கடைசியில் கண் பிதுங்கும் எனக்கு, சொல்லப்போனால், கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஓய்வு பெறப் போகிறவர்களுக்கு ஒரு நிதி ஆலோசகரோடு ஒரு மணி நேரம் பேச, அவருடைய கம்பெனியே பணம் கட்டியிருந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து போக வேண்டும் என்பது நிபந்தனை. இவருக்குத் துளியும் இஷ்டமில்லை. "என் மோட்டாரைப் பத்தி எனக்குச் சொல்றதுக்கு ஒரு ஆளா?" என்றார். ஓசியில் கிடைப்பதை ஏன் விட வேண்டும் என்று அண்ணிதான் பிடிவாதம் பிடித்தார். முட்டி வலியோடு பஸ் ஏற முடியாது என்பதால் என் காரில் அழைத்துப் போனேன். அப்படித்தான் நானும் அந்த அறைக்குள் போய்ச் சேர்ந்தேன்.

மருந்துக் கடைக்கு மேலே சின்ன அறை. ஒரு மேஜை, அதன் முன்னால் ஒரே ஒரு நாற்காலி. சுவரோரம் இரண்டு. அண்ணன் முன்னால் உட்கார, அண்ணியும் நானும் சுவரோரம் ஒதுங்கினோம். ஆலோசகர் முப்பது வயதுகூட இருக்காத பெண். நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்திருந்தார்.

அண்ணன் வணக்கம் சொல்வதற்கு முன்பே மேலே பார்த்தார். "ஏம்மா, இந்த ஃபேன் ரெண்டு வருஷம்தான்."

"தெரியும் சார். புதுசு வாங்க மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வெச்சுட்டு வர்றேன்."

அண்ணன் முகத்தில் முதல் முறையாக மரியாதை தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னார். எந்த வயது வரைக்கும் திட்டம் என்று அந்தப் பெண் கேட்டபோதும் தயங்கவில்லை. "அறுபத்தெட்டு வரைக்கும் போதும்மா" என்றார். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அறுபத்தெட்டு என்று எழுதிக்கொண்டு, அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வயசும்மா?"

யாரையோ கேட்கிறார் என்று அண்ணி திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"எனக்கா? ஐம்பத்தொண்ணு."

"உங்க அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. எண்பத்தொன்பது. இன்னும் கண்ணாடி இல்லாமத்தான் பேப்பர் படிக்கிறாங்க."

"அது வேற கம்பெனி மோட்டார்" என்று அண்ணன் சிரித்தார். மாமியாரைப் பற்றி அவர் வழக்கமாகச் சொல்லும் ஜோக்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சார் சொல்றபடியே வெச்சுக்குவோம். அவருக்கு அறுபத்தெட்டு வரும்போது உங்களுக்கு ஐம்பத்தொன்பது. அந்த வருஷத்தோட பணம் தீருது. நீங்க உங்க அம்மா மாதிரின்னா, அதுக்கப்புறம் முப்பது வருஷம். வீட்டு வாடகை எதிலேருந்து வரும்மா?"

அவர் திட்டத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! கப்பலில் அண்ணி உண்டு, மலைப்பக்கம் போகும்போது அண்ணி உண்டு, முட்டி வைத்தியத்தில் அண்ணி உண்டு. கடைசிக் காசு தீர்ந்த மறுநாள் காலையில் அந்த வீட்டில் எழுந்து பால் காய்ச்சப் போவது யார் என்று எனக்கும் தோன்றியதே இல்லை.

"பொண்ணு பார்த்துக்குவா" என்றார் அண்ணன் மெல்ல.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

சொல்லவில்லை. அவர் காது மடல் சிவந்துவிட்டது.

"பென்ஷன் எந்த வகை கேட்டிருக்கீங்க?"

அவர் கம்பெனியில் இரண்டு வகை. ஒன்று, அவர் உயிரோடு இருக்கும் வரை மட்டும். தொகை அதிகம். இன்னொன்றில் தொகை குறைவு, ஆனால் அவருக்குப் பிறகு மனைவிக்குத் தொடர்ந்து வரும். அதிகமாக வருகிற வகையைத்தான் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். எட்டே வருஷம் என்று முடிவு செய்துவிட்ட மனிதர் வேறு எதைக் கேட்பார்? அதற்கு மனைவியும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமே என்று அந்தப் பெண் கேட்டார்.

"போடுன்னாரு. போட்டேன்" என்றார் அண்ணி.

கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. குரல்தான் கேட்டது. கோபத்தில் குரலை உயர்த்துகிறவர் இல்லை அவர். அன்று இன்னும் தணிந்திருந்தது.

"மிக்ஸிக்குப் பார்த்தீங்க. கதவுக்குப் பார்த்தீங்க. பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடப் பார்த்துச் சொன்னீங்க. எனக்கு ஏங்க பார்க்கல?"

அண்ணன் திரும்பினார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் கண்டதில்லை. கம்பிவடம் அறுந்தால் எப்படி இருக்கும் என்று வாழ்நாள் முழுக்கப் பிறருக்குச் சொன்னவர், இப்போது அறுந்த லிஃப்டுக்குள்ளேயே நின்றிருந்தார்.

"உனக்கா?" என்றார். "உனக்கு முடியும்னு நான் நெனச்சதே இல்ல."

அது பொய் இல்லை. அவர் மனைவியை மறந்துவிடவில்லை. அந்த ஒரு ஆளுக்கு மட்டும் கெடு வைக்க அவருக்கு மனசு வரவில்லை, அதனால் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அன்பு என்று சொல்வதா, அநியாயம் என்று சொல்வதா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு, அதே தட்டையான குரலில் சொன்னார்: "முடிவே இல்லாதவங்களுக்குத்தான் சார் நிறைய வேணும்."

பிறகு வழியும் சொன்னார். முதல் பென்ஷன் கைக்கு வரும்வரை வகையை மாற்றிக்கொள்ளலாம். மாதாமாதம் வருவது குறையும். கப்பல் அநேகமாகப் போகாது. மொத்தமாக வரும் பணத்தில் பெரும்பங்கை அண்ணியின் பெயரில் தொடாமல் போட்டுவைக்க வேண்டும். "நீங்களும் எண்பது தொண்ணூறுன்னு இருந்துட்டீங்கன்னா?" என்று நடுவில் ஒரு கேள்வி கேட்டார். அண்ணன் மிரண்டு போனார். செத்துப்போவதற்கு முழுசாகத் தயாராக இருந்த மனிதரை அந்தக் கேள்வி ஆட்டிவிட்டது.

புதிய விண்ணப்பத்தாளை அந்தப் பெண் மேஜையில் வைத்தார். அண்ணன் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்து, முதல் வரியில் முனையை வைத்தார். வைத்தவர் எழுதவில்லை. பேனாவை மூடினார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அண்ணிக்கு இழுத்துப் போட்டார்.

"கண்ணாடி கொண்டு வரலீங்களே" என்றார் அண்ணி உட்கார்ந்துகொண்டே.

அவர் தன் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைத்தார். அண்ணியின் காதோரம் முடியை ஒதுக்கித் தானே மாட்டிவிட்டு, எதுவும் தெளிவாகத் தெரியாத கண்களோடு பக்கத்தில் நின்றுகொண்டார். அண்ணி தாளின் முதல் வரியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகப் படிக்கத் தொடங்கினார்.