துரை காரில் சுருட்டு வாசம்

எங்கள் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குச் சுருட்டு இல்லாமல் பேச்சே வராது. துரை கொழும்புக்குப் போயிருந்த சமயம், அட்டனில் வேலை இருக்கிறதென்று துரையின் காரில் ஏறிக்கொண்டார். மழைக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, போகவும் வரவும் ஊதித் தள்ளியிருக்கிறார். கார் ஓட்டிய என் வீட்டுக்காரர் அவரிடம் வேண்டாமென்று சொல்ல முடியுமா?

மறுநாள் நானுஓயா ஸ்டேஷனில் துரையையும் துரைசானியையும் ஏற்றி வர வேண்டும். துரைசானிக்கு மூச்சிழுப்பு நோய். காருக்குள் புகை வாசம் வந்தால் பத்துச்சீட்டுதான் என்று துரை முன்பே எச்சரித்திருந்தார். அந்தச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் வேலையோடு நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராவும் போய்விடும். எங்களுக்குப் பிரஜாவுரிமையும் இல்லாத காலம் அது. எங்கே போவோம்?

சோப்புத் தண்ணீரில் துடைத்தோம். கதவுகளைத் திறந்து வைத்தால் மூடுபனி உள்ளே வந்து, ஈரத்தில் நாற்றம் இன்னும் கூடியது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தேயிலை பக்கத்திலிருக்கிற எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தேயிலை ஸ்டோருக்குள் வெங்காயம்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கிற தேயிலைத் தூள் வீட்டில் அப்படியே இருந்தது. அதைப் பழைய சேலையில் பரப்பி, கார் இருக்கைகளின் மேல் விரித்துக் கதவுகளை அடைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பொழுது சாயும்போது திறந்தோம். நாற்றம் நன்றாகவே குறைந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, காரில் மறந்துவிட்ட குடையைத் தேடிக்கொண்டு கணக்கப்பிள்ளை வந்து நின்றார். சேலையில் கிடந்த தூளைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

“தொரை காருல தேயிலைய ஏத்தி எங்கடா கடத்துற? ஸ்டோர்ல எடுத்ததா?”

தேயிலைத் திருட்டு பத்துச்சீட்டோடு நிற்காது, பொலிஸுக்கும் போகும். என் வீட்டுக்காரர் கும்பிடக் கையைத் தூக்கிவிட்டார். சுருட்டுப் பிடித்தது இவர், திருட்டுப் பட்டம் எங்களுக்கா? அந்த ஆத்திரம் வந்திராவிட்டால் நானும் கும்பிட்டுத்தான் நின்றிருப்பேன். சேலையைத் தூளோடு அள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“மோந்து பாருங்கய்யா. இது ஸ்டோரு வாசமா, உங்க சுருட்டு வாசமா?”

மோந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாள் துரைசானி காரில் ஏறி, ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, சாய்ந்துகொண்டாராம். வீட்டுக்காரர் வந்து சொன்ன பிறகுதான் எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிர் கணக்கப்பிள்ளையின் கையில் இருந்தது.

வேறு தூள் வாங்க வழியில்லாததால் அந்த மாதம் முழுக்க அதையே கொதிக்கவைத்துக் குடித்தோம். மிடறுக்கு மிடறு சுருட்டு நாறியது. விடியற்காலையில் அதைக் குடித்துவிட்டுத்தான் பெரட்டுக்களத்தில் போய் வரிசையில் நிற்பேன். கணக்கப்பிள்ளை ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடுவார்; அவர் கூப்பிடாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. என் பேர் வரும்வரை அந்த வாசம் தொண்டையிலேயே நிற்கும்.