மனசுக்குள் ஒரு ரிவர்ஸ்

என் நாத்தனாருக்கு வாய் காது வரைக்கும், மனசு மட்டும் சரியான தொடைநடுங்கி. பதினொரு வருஷமாக பஸ் கண்டக்டர். டிரைவர் ஆகியே தீருவேன் என்று கிளம்பினாள். டிப்போவில் மூன்றே வாய்ப்புதான். இரண்டு முறை ரிவர்ஸில் போய்விட்டது. கம்பங்களுக்கு நடுவே பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறாள். ஒரு தடவை நிற்கலாம், இரண்டாம் தடவை நின்றால் பெயில். இந்த முறையும் கோட்டை விட்டால், ரிட்டயர் ஆகிறவரை டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான்.

ஆழ்மனசைப் பழக்கினால் பதற்றம் போகும், தினமும் கண்ணை மூடி மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார் என்று டிப்போ நர்ஸ் சொன்னாளாம். அன்றிலிருந்து காலையில் என் சமையலறை பறிபோனது. ஸ்டூலில் உட்கார்ந்து, என் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, "வா... வா... இன்னும் வா..." என்பாள். இருபது நாள் பொறுத்தேன். அதற்கு மேல் பொறுமை என் ஜாதகத்திலேயே இல்லை.

"யாரடி கூப்பிடுற, பால்காரரையா?"

"பஸ்ஸ அண்ணி."

"ஓட்டுறதே நீதான? உனக்கு நீயே வா சொல்லுவியா?"

கண்ணைத் திறந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ அண்ணி, கண்ண மூடினா நான் பஸ்ஸுக்குப் பின்னாடிதான் நிக்கிறேன். உள்ள வேற யாரோ ஓட்டுறாங்க."

அடக் கடவுளே! இத்தனை நாளும் அவள் பழக்கியது டிரைவரை இல்லை, கண்டக்டரை. டெஸ்டில் பின்னால் நின்று 'வா' சொல்ல ஆள் இல்லாததால்தான் பாதியில் நிற்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு அழுகை வந்தது. டெஸ்டுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"இனிமே வாயத் தொறந்தா கொன்னுடுவேன். உள்ள ஏறி உக்காரு. கை எங்க இருக்கு, கால் எங்க இருக்கு, கண்ணாடில என்ன தெரியுது, அத மட்டும் நெனை."

முதல் நாள் அவளால் முடியவே இல்லை. "மறுபடியும் இறங்கிட்டேன் அண்ணி" என்று உதட்டைக் கடித்தாள். இரண்டாம் நாள் கழுத்தெல்லாம் வேர்வை. மூன்றாம் நாள் அவள் கையில் தட்டு மட்டும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

டெஸ்ட் மைதானத்தில் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். "வெளியிலேர்ந்து யாராவது ஒரு வார்த்தை சொன்னா டெஸ்ட் கேன்சல்" என்றார் இன்ஸ்பெக்டர், என்னைப் பார்த்தே.

பஸ் பின்னால் நகர்ந்தது. முதல் கம்பத்தைத் தாண்டியது. நின்றது.

என் வாய் தானாகத் திறந்தது. 'வா' நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. கையை வாய்க்குள் திணித்துக் கடித்தேன். பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. பக்கத்துக் கண்ணாடியில் அவள் முகம் என் பக்கம் திரும்பியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எருமை, என்னை ஏண்டி பார்க்கிற!

முகம் திரும்பிக்கொண்டது. பஸ் அசைந்தது. கடைசிக் கோடு வரைக்கும் எங்கும் நிற்கவில்லை.

இன்ஸ்பெக்டர் 'பாஸ்' என்று எழுதினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அவள் வந்து என் கையைப் பிடித்துப் பல் பதிந்த இடத்தைத் தடவினாள்.

"நடுவுல நின்னப்ப உங்களத் தேடினேன் அண்ணி. நீங்க ஒண்ணுமே சொல்லல. சரி, டிரைவர் நான்தான் போலன்னு எடுத்துட்டேன்."