பத்லியாப் போன அண்ணன்

என் அண்ணன் தாலுகா ஆபீஸ்ல இருந்து ரிடையர் ஆனவரு. மாசம் பொறந்தா பேங்க்ல பென்ஷன் வந்து உக்காந்துக்கும். அகவிலைப்படி ஏறினா ஆண்டர்சன்பேட்டை கடைவீதியில ஸ்வீட் வாங்கி தெருவுக்கே குடுப்பாரு. பெரிய தர்மப் பிரபு! என் வீட்டுக்காரரும் கவர்மெண்ட் ஆளுதான். தங்கச் சுரங்கத்துல, பூமிக்கடியில கல்லு உடைச்சவரு. மைன்ஸை மூடினப்போ கையில குடுத்தது பொண்ணுங்க கல்யாணத்தோட தீந்துபோச்சு. இப்ப வர்றத பென்ஷன்னு சொல்ல எனக்கு வாய் கூசுது. சிலிண்டர் வாங்கினா மருந்து வாங்க முடியாது.

அதனால இந்த வயசுலயும் ஒரு பிரைவேட் ஸ்கூல் கேட்ல வாட்ச்மேனா நின்னாரு. எங்க வீட்ல அரிசி வெந்தது அந்தச் சம்பளத்துலதான்.

கண்ணுல புரை விழுந்துச்சு. கோலார்ல இலவசமா ஆபரேஷன் பண்றாங்கன்னு லீவு கேட்டாரு. "பதிலுக்கு ஆள் விட்டுட்டுப் போங்க"ன்னாங்க ஸ்கூல்ல. மைன்ஸ்ல ஒருத்தர் படுத்துட்டா அவர் ஷிஃப்ட்டுக்கு சொந்தக்காரன் பத்லியாப் போவான். படுத்தவர் எழுந்து வந்ததும் அவன் எடத்தை விட்டுடுவான். அதை யாரும் வாயால சொல்லணும்னே இல்ல. அந்த நெனப்புல இவரு போய் எங்க அண்ணனைக் கூப்பிட்டாரு. "வேற ஆளே கெடைக்கலியா?"ன்னேன். "மச்சானுக்கும் பொழுது போவும், நம்ம ஆளுதானே"ன்னாரு. வெகுளி!

ஆபரேஷன் முடிஞ்சு கறுப்புக் கண்ணாடியோட போனா, அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில ஸ்டூல்ல உக்காந்திருக்காரு. ஸ்கூல் ஆபீஸ்ல சொன்னாங்களாம்: "அவரு கன்னடம், இங்கிலீஷ் ரெண்டும் பேசறாரு. பாதி சம்பளமே போதும்ன்றாரு. நீங்க ரெஸ்ட் எடுங்க."

பாதி போதுமாம்! வயிறு ரொம்பினவருக்கு சும்மா குடுத்தாலும் போதும். இவரு திரும்பி வந்து செருப்பைக்கூட கழட்டாம உக்காந்துட்டாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நேரா கேட்டுக்குப் போனேன்.

"இன்னாண்ணா இது? பத்லியாத்தானே வந்தே?"

"சும்மா உக்காந்தா சுகர் ஏறுதும்மா. மாப்ளைக்கும் வயசாயிடுச்சு இல்ல? கஷ்டம்னா வீட்டுக்கு வா, அண்ணி அரிசி குடுப்பா."

அதுக்குள்ள ஒரு கார் ஹாரன் அடிச்சுது. ஆளு துள்ளி எழுந்து கேட்டைத் தெறந்து சல்யூட் அடிச்சாரு. மனு கொண்டு வந்த கெழவிங்களை மணிக்கணக்கா நிக்க வெச்ச மனுஷன்! "நல்லா அடி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இப்ப நான் அவரு தெருவுல ஒரு வீட்ல பாத்திரம் தேய்க்கிறேன். போன வாரம் அண்ணன் ஆள்விட்டு சொல்லி அனுப்பிச்சாரு. பென்ஷன்காரர் தங்கச்சி இதே தெருவுல வேலை செய்யறது அவருக்கு மானக்கேடாம், வேற ஏரியா பாத்துக்கணுமாம். சேதி சொல்ல வந்த பொம்பளைகிட்டயே கேட்டேன், "இந்தத் தெருவுல இன்னும் யார் வீட்லயாவது ஆள் கேக்கறாங்களா?"

கேட்டாங்க. அண்ணன் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. திங்கக்கிழமையில இருந்து போறேன்.