எல்லாத்தையும் எடுத்துடுங்க

சரக்குக் கிடங்கில் பெரிய கிரேனை ஓட்டுகிறவளை எல்லோரும் 'மேலக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் இரும்பு ஏணியில் ஏறினால் சாப்பாட்டு வேளைக்குத்தான் இறங்குவாள். மேலிருந்து பார்த்தால் மேனேஜரும் எறும்புதான் என்று சிரிப்பாள். ஆனால் மேலே கழிப்பறை ஏது? மாதத்தில் அந்த நாட்கள் வந்துவிட்டால் அந்தக் கண்ணாடிக் கூண்டு அவளுக்கு நரகம். கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது.

"சினைப்பையையும் சேர்த்து எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர். பிள்ளைங்க பெத்தாச்சு, இனிமே எதுக்கு?" என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். டாக்டரும் பெரிதாகத் தடுக்கவில்லை. விட்டது சனியன் என்று மறுபடி ஏணி ஏறினாள்.

பத்து வருடம் கழித்துக் கால் வீங்கியது. சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்தது. சிறுநீரக டாக்டரம்மா பழைய ஆபரேஷனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்.

"சினைப்பையில சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் கிட்னிக்கும் ஒரு காவல்மா. சின்ன வயசுலயே ரெண்டையும் எடுத்துட்டா கிட்னி கெடுற வாய்ப்பு கூடுது. உங்க பிரஷருக்கும் பங்கு இருக்கு. இது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

மேலக்கா பயந்தது தன்னை நினைத்து அல்ல. பக்கத்துக் கிரேனை ஓட்டுகிற தங்கைக்கும் கர்ப்பப்பையில் கட்டி, அடுத்த வாரம் ஆபரேஷன். எல்லாத்தையும் எடுத்துடு, ராணி மாதிரி இருக்கலாம் என்று அவள் காதில் ஓதியது யார்? இவளேதான். வாய் சும்மா இருந்தால்தானே!

அன்றைக்கே தங்கை வீட்டுக்குப் போனாள்.

"சினைப்பைய விட்டுவைக்கச் சொல்லுடி."

"ஏன்க்கா, நீதானே ஊரெல்லாம் தண்டோரா போட்ட?"

"போட்டேன். தெரியாம போட்டேன்."

புடவையை உயர்த்தித் தன் காலைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். விழுந்த குழி நிரம்பவே இல்லை. மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"உங்க சினைப்பை நல்லாத்தான் இருக்கு. நீங்க கேட்டதாலதான் அதையும் எடுக்கறதா இருந்தேன். தாராளமா விட்டுடலாம்" என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்து தங்கை கண் திறந்தாள். நாக்கு குழறியது.

"அக்கா... இருக்கா?"

"இருக்குடி. ரெண்டும் பத்திரமா இருக்கு. தூங்கு."

போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள். கிட்னி போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்டபோதுகூட அழாதவள், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தன்னிடம் இல்லாத அந்த இரண்டுக்காக விக்கி விக்கி அழுதாள்.