மதகுக் காவலாளி மீது ஒரு வழக்கு

வரலாற்று டீச்சரின் கைகள் பழைய காலண்டர் அட்டையைச் சீட்டுகளாக நறுக்கிக்கொண்டிருந்தன. நீதிபதி, வக்கீல், சாட்சி, மதகுக் காவலாளி. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஏரி மதகைத் திறந்ததில் கீழ்த்தெரு மூழ்கியதே, அதை எட்டாம் வகுப்பில் வழக்காக நடத்தப் போகிறார். புத்தகத்தை வாசித்துவிட்டு உட்காருகிற ஆள் இல்லை அவர். யாருக்கு எந்த வேஷம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். ஓரவஞ்சனை என்று ஒருவரும் வாய் திறக்க முடியாது.

காவலாளிச் சீட்டு கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு விழுந்தது. வகுப்பு கப்சிப்பென்று ஆனது. மாற்றலாகி வந்து ஆறே மாதமான டீச்சர் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார். எந்தக் கேள்விக்கும் அவள் பதில் சொல்லவில்லை. தீர்ப்பு, குற்றவாளி. அதற்குப் பிறகு மூன்று நாளாக அவள் பள்ளிக்கு வரவில்லை.

"அந்தக் காவலாளி அவ அப்பாதான் டீச்சர்," என்றார் பள்ளி ஆயா.

"அன்னைக்கே சொல்லக்கூடாதா?"

"எங்க கேட்டீங்க? நீங்கதான் சீட்டைக் குலுக்கிட்டு இருந்தீங்களே."

சாயங்காலம் டீச்சர் அந்த வீட்டுக்குப் போனார். பக்கவாதத்தில் விழுந்த மனிதரை மனைவி புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"வந்தது வந்தீங்க, தோளைப் பிடிங்க."

டீச்சர் பிடித்தார். முதுகில் ஒரு புண்கூட இல்லை. நன்றாகப் பார்த்துக்கொள்கிற வீடு.

"ஊர் பேசினது பத்தாதுன்னு பிள்ளைங்களையும் பேச வச்சிட்டீங்க. இனி அவ வரமாட்டா," என்றார் மனைவி. பெண் கதவோரம் நின்றிருந்தாள்.

டீச்சர் சமாதானம் சொல்லவில்லை. "தப்பு என்னோடது. பேப்பர்ல வந்ததை மட்டும் வச்சு நடத்திட்டேன். உங்களை யாராவது கேட்டாங்களா அண்ணா?"

அவர் குழறிக் குழறிச் சொன்னார். "இல்லம்மா. திறன்னு ஃபோன்ல உத்தரவு வந்துச்சு. கரை உடைஞ்சா ஊரே போயிடும்னாங்க. திறக்கறதுக்கு முன்னாடி சைக்கிள்ல போய்க் கீழ்த்தெருவுல கதவு கதவா தட்டினேன். பாதிப் பேரு எழுந்திருக்கல."

அவர் சொன்னதை எழுதி டீச்சர் வாசித்துக் காட்டினார். அவர் ஒரே இடத்தில் திருத்தினார். "பாதின்னு போடாதீங்க. ஆறு வீடு."

மறுநாள் காலை அந்தப் பெண் தாமதமாக வந்தாள். அப்பாவின் வாக்குமூலத்தை வகுப்பில் அவளே வாசித்தாள். தீர்ப்பு செல்லாது, காவலாளியைக் கேட்காமல் விட்டது தன் பிழை என்று டீச்சர் சொன்னார். பிறகு வகுப்பு ஏரி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியது: அன்று ஃபோனில் உத்தரவு கொடுத்தது யார்? முதல் கையெழுத்தை அவள் போட்டாள்.