சேஷு மாமாவின் கொழுத்த எழுத்து

நேற்று சாயங்காலம் சேஷு மாமா போய்விட்டார். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கீழ் போர்ஷனில் போஸ்டர் பிரஸ் வைத்திருந்தவர்.

அவ்வளவு அழகான வேலை தெரிந்த மனிதருக்கு அவ்வளவு குரூரம் எங்கிருந்து வந்தது? எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதவும் விருப்பமில்லை.

எழுபதுகளின் தொடக்கம். நான் ஸ்கூல் பெண். அவரிடம் ஒரு செட் இங்கிலீஷ் மர எழுத்துகள் இருந்தன... தடித்த உடம்பு, காலடியில் சுருள், வயிற்றில் வெள்ளைப் பூ. சர்க்கஸ் நோட்டீஸிலிருந்து இறங்கி வந்தவை போல. கொழுத்த எழுத்து என்போம்.

சபா நாடக போஸ்டரில் ஒரே ஒரு பெயர்தான் அதில் வரும். மற்றதெல்லாம் சாதாரணத் தமிழ் எழுத்து. பஸ்ஸில் போகிறவர்கள் அந்த ஒரு பெயரைத்தான் படிப்பார்கள்.

யாருடைய பெயர் என்பதை மாமாதான் முடிவு செய்வார். அந்த எழுத்து வேறு எந்த பிரஸ்ஸிலும் கிடையாது, அதனால் நாடகக்காரர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

ஒருமுறை பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை திறக்கவிருந்த திருநெல்வேலிக்காரர் வந்தார். திக்குவாய்.

"நீர் கடைப் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் போஸ்டரை அடிச்சே முடிச்சுடுவேன் ஓய்!"

பிரஸ்ஸே சிரித்தது. கடைக்காரரும் சிரித்தார், வேறு வழியில்லாமல்.

என் அக்கா வசந்தா டைப்பிஸ்ட். நாடகங்களில் சின்னச் சின்ன வேஷம். அந்த வருஷம் முதல்முறையாகக் கதாநாயகி.

வீட்டில் அவளைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. தி.நகர் சம்பந்தம். நாடகம் நடிக்கிற பெண் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அக்கா நடிப்பது அவர்களுக்குத் தெரியாது; சம்பந்தம் முடிந்தால் அவள் நாடகத்தை விட வேண்டும்.

அக்கா அழுதாள். அப்பா சொன்னார்: "அந்தக் கொழுத்த எழுத்துல உன் பேர் சுவத்துல வரட்டும். தி.நகர்க்காராளை வர வேண்டாம்னு நானே சொல்லிடறேன்."

அக்கா மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டாள்.

"அவ்வளவுதானேடி? போட்டுட்டாப் போச்சு."

இரண்டு நாளில் மை காயாத போஸ்டரோடு மாடியேறி வந்தார். VASANTHA... ஒவ்வொரு எழுத்தும் பூவும் சுருளுமாக. நான் பார்த்ததிலேயே அழகான போஸ்டர் அதுதான். இன்றும் சொல்வேன்.

அக்கா அதை ஆபீஸுக்கு எடுத்துப்போய்க் காட்டினாள். அப்பா மட்டும், "சுவத்துக்கு வரட்டும்" என்றார்.

சனிக்கிழமை காலை சுவருக்கு வந்தது. லஸ் முனையிலிருந்து அடையாறு பாலம் வரை... கொழுத்த எழுத்தில், தோழி வேஷம் போட்ட பெண்ணின் பெயர். அக்கா பெயர் எங்கேயும் இல்லை.

அவளுக்காக அடித்தது அந்த ஒரே ஒரு காப்பிதான்.

மாமா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என் பேர் எங்கே மாமா?"

"கடைசி வரியைப் பாரு. 'மற்றும் பலர்'னு போட்டிருக்கேனே. அதுல நீயும் உண்டுடி."

பேப்பரைத் தாழ்த்தக்கூட இல்லை. அப்பா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா பிரஸ்ஸுக்குள் புகுந்து எழுத்துகளை வாரித் தெருவில் இறைத்தாள் என்று பிற்பாடு ஒரு கதை உலவியது. நேற்றுகூட ஒருவர் போனில் சொன்னார். அப்படி எதுவும் நடக்கவில்லை.

போய் வாருங்கள் மாமா. மறுநாள் நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தி.நகர்க்காரர்கள் வந்தார்கள். பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார்கள். அப்பா சேஷு மாமாவை மேலே கூப்பிட்டார்.

"பரம சாது. நாடகம் கீடகம்னு வாசப்படி தாண்டினதில்லை" என்றார் மாமா. அக்கா நீட்டிய தட்டிலிருந்து இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.