இருட்டறையில் கேட்ட கேள்வி

டாக்டரம்மாவின் ஆய்வுக் கட்டுரை அச்சாகி வந்தபோது, வீட்டாருக்குத் தமிழில் சொல்வதற்காக அதை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ஒரே வரியில் நின்றேன். பரிசோதனை முறையை விளக்கும் பத்தியில், கண்ணில் மருந்து விட்டுப் பாவை விரிந்த பிறகே நோயாளி உட்கொள்ளும் மாத்திரைகளைப் பற்றிக் கேட்கப்பட்டது என்று இருந்தது. செய்தித்தாளில் பிறர் எழுதியதைத் திருத்திப் பழகியவள் நான். வரிசை மாறியிருந்தால் கண்ணில் படும். எந்த மருத்துவமனையிலும் முதலில் கேள்வி, பிறகுதான் சொட்டு மருந்து. இங்கே தலைகீழாக இருந்தது. படிக்கிறவர்கள் அதைக் கடந்து போய்விடுவார்கள். என்னால் முடியவில்லை. அந்தக் கேள்வி முதன்முதலாக அப்படிக் கேட்கப்பட்ட அறையில் நானும் இருந்தேன். கேட்கப்பட்டவர் என் சித்தி.

புற்றுநோய்க்குத் தரும் சிகிச்சை பார்வையை என்ன செய்கிறது என்பதுதான் கண் மருத்துவரான டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. இப்போது வேறு மாநிலத்தில் அதையே தொடர்கிறார். எங்கள் ஊர் மரக்காணத்துக்கு அவர் அதற்காக வரவில்லை. உப்பளத் தொழிலாளர்களுக்காகப் பங்குக் கோயில் மண்டபத்தில் நடந்த கண் முகாமுக்கு வந்தார். அதைப் பற்றி எழுத நானும் போயிருந்தேன், சித்தியையும் கூட்டிக்கொண்டு. கோடையில் எங்கள் உப்பளத்தை வெறும் கண்ணால் பார்ப்பது எளிதல்ல. வெயில் மேலிருந்து ஒரு முறையும் உப்பு விளையும் பாத்தியில் பட்டுத் தெறித்து ஒரு முறையும் அடிக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கண் எரியும், சிவக்கும், சதை வளரும், வயதுக்கு முன்பே புரை விழும். அதனால் கண்ணில் எது வந்தாலும் அது உப்பின் வேலை என்பது ஊரின் முடிவு. முந்தைய முகாம் ஒன்றில் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். பார்வை மங்கத் தொடங்கியதும் சித்தி செய்துகொண்ட ஒரே வைத்தியம், அந்தக் கண்ணாடியை வீட்டுக்குள்ளும் மாட்டிக்கொண்டதுதான்.

மண்டப வாசலில் மேசை போட்டு, கோயில் பாடற்குழுவின் தலைவர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். கேள்விகளையும் பாட்டுப் போலவே உரக்கக் கேட்டார்.

"சுகர் இருக்குதா? பிரஷர் இருக்குதா? வேற ஏதாவது மாத்திரை?"

"ஒண்ணும் இல்லீங்க," என்றார் சித்திக்கு முன்னால் நின்ற பெண்.

"பொய் சொல்றா, எழுதிக்கோங்க. இவளுக்கு சுகர் இருக்குது," என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நேத்து எங்க வீட்ல கேசரி வேணாம்னுட்டா."

"உன் கேசரிய வேணாம்னு சொல்ல சுகர் எதுக்குடி? வாயில வைக்க முடியல, அதான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அடுத்தது சித்தி. "ஒண்ணும் இல்ல," என்றார். யாரும் மறுக்கவில்லை. யாருக்கும் தெரியாது.

சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, புதுச்சேரியில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நோய் திரும்பாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஊரில் கர்ப்பப்பையை எடுத்ததாகச் சொல்லி வைத்திருந்தோம். இங்கே பல பெண்களுக்கு நடப்பதுதான், யாரும் துருவமாட்டார்கள். சித்தியின் மகளுக்குத் திண்டிவனத்தில் ஒரு வரன் பேச்சில் இருந்தது. தாய்க்கு வந்தது பெண்ணுக்கும் வரும் என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். சித்தப்பா போன பிறகு, தலையில் உப்புக் கூடை சுமந்து சித்தி வளர்த்த பெண் அவள்.

கோயில் நாற்காலிகளை அடுக்கி வைக்கும் அறையில், ஜன்னலில் போர்வை கட்டி இருட்டறை ஆக்கியிருந்தார்கள். சொட்டு மருந்தில் பாவை விரிந்த பிறகு, டாக்டரம்மா நெற்றி விளக்கோடு சித்தியின் ஒரு கண்ணைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், மறுபடியும் முதல் கண்ணுக்கு வந்தார்.

"வெளியில ஒரு ஆளை நேரா பாத்தா என்னம்மா தெரியுது?"

"காது தெரியுது, தோடு தெரியுது. மூஞ்சி இருக்கிற எடம் மட்டும் அழிச்சி விட்டாப்ல இருக்குது."

"கண்ணுக்குள்ள, பின்பக்கம், சின்னச் சின்னதா மினுங்கற புள்ளிங்க இருக்குது."

"உப்பு," என்றார் சித்தி. "நான்தான் சொன்னேனே."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பாக்க உப்பு மாதிரிதான் இருக்குது. ஆனா பாத்தியில இருக்கிற உப்பு அவ்ளோ உள்ள போக முடியாது."

சீட்டை எடுத்துப் பார்த்தார். மாத்திரை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. நெற்றி விளக்கை அணைத்தார். யோசித்துத்தான் அணைத்தீர்களா என்று பின்னாளில் கேட்டேன். விளக்கு சூடாகிவிட்டது, அவ்வளவுதான் என்றார். எதுவாக இருந்தாலும், அந்த முழு இருட்டில்தான் அவர் கேட்டார்.

"தினமும் ஏதாவது மாத்திரை போடறீங்களா?"

வெளியே கேசரித் தகராறு இன்னும் முடியவில்லை. உள்ளே சித்தியின் வளையல் ஒருமுறை அசைந்தது.

"கதவு சாத்தியிருக்குதா?"

சாத்தியிருக்கிறது என்றேன்.

"மார்ல கட்டி வந்து எடுத்தாங்க. அதுக்கு ஒரு மாத்திரை."

"கண்ணு மங்குதுன்னு அந்த ஆஸ்பத்திரியில சொன்னீங்களா?"

"அங்க எதுக்குச் சொல்லணும்? கண்ணு உப்பால போவுது. மாருக்குப் பாக்கற டாக்டரு அதுக்கு என்ன பண்ணுவாரு?"

புற்றுநோய் மருத்துவரிடம் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. கண் முகாமில் புற்றுநோயைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் சித்தியிடம் நியாயமான காரணம் இருந்தது. இடையில் பார்வை போய்க்கொண்டிருந்தது. அந்த மாத்திரை வெகு சிலருக்கு விழித்திரையில் இப்படிப் புள்ளிகளை உண்டாக்கலாம் என்று டாக்டரம்மா விளக்கினார்.

"அப்ப இன்னியோட நிறுத்திடறேன்."

"நீங்களா நிறுத்தவே கூடாது."

"பின்ன? கண்ணு போவணுமா, உயிரு போவணுமா? எதுன்னு சொல்லிடுங்க."

"ரெண்டும் போவாம பாக்கலாம்மா. அந்த டாக்டர்கிட்ட நான் பேசறேன். அவரு சொல்ற வரைக்கும் மாத்திரை போடுங்க."

மண்டபத்தின் பின்பக்கம் நின்று அப்போதே அவரோடு போனில் பேசினார். அடுத்து வந்த வாரங்களில் பரிசோதனைகள் நடந்தன; புற்றுநோய் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். போன பார்வை திரும்பவில்லை. இருந்தது மேலும் குறையவும் இல்லை.

முகாமின் இரண்டாம் நாள் பாடற்குழுத் தலைவரிடம் மாத்திரைக் கேள்வி இல்லை. டாக்டரம்மா அதை எடுத்து இருட்டறைக்குள் வைத்துக்கொண்டார். மாலையில் தேநீர் குடித்தபடி, யார் என்று சொல்லாமல், உள்ளே கேட்டவற்றைச் சொன்னார். தூக்க மாத்திரை. பிள்ளை வேண்டிச் சாப்பிடும் மாத்திரை. பிள்ளை வேண்டாம் என்று கணவனுக்குத் தெரியாமல் சாப்பிடும் மாத்திரை. "என்ன கேக்கறோம்ங்கறதை விட, எங்க வச்சி கேக்கறோம்ங்கறது முக்கியம்ங்க," என்றார். மறைக்கிறார்கள் என்ற குறை அந்தக் குரலில் இல்லை. புதிதாக ஒரு கருவி கிடைத்தவரின் ஆர்வம்தான் இருந்தது.

எனக்கு அதில் ஒரு தலைப்புச் செய்தி தெரிந்தது. மாத்திரை பார்வையைப் பறித்தது என்று எழுதலாமா எனக் கேட்டேன். "பறிச்சிருக்கலாம்னு போடுவீங்களா?" என்றார். "உங்க பேப்பரைப் படிச்சிட்டு ஒருத்தி மாத்திரையை நிறுத்திட்டா, நாளைக்கு அவளுக்கு நோய் திரும்பி வந்தா அந்தச் செய்தியையும் நீங்கதான் போடணும்." அந்தச் செய்தியை நான் எழுதவில்லை. 'இருக்கலாம்' என்ற சொல்லைப் பத்திரிகையில் நாங்கள் பலவீனமாக நினைப்போம். அவர் அதைத் தராசுத் தட்டில் வைக்கும் எடைக்கல் போலப் பார்த்துப் பார்த்துப் பயன்படுத்தினார்.

சில மாதங்கள் கழித்து, சித்தியைப் பற்றிக் கட்டுரையில் எழுத அனுமதி கேட்டு வீட்டுக்கு வந்தார். சித்தி அடுப்படியில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"பேரு வராது, ஊரும் வராது. உப்பளத்துல வேலை செய்யறவங்கன்னு மட்டும் வரும்."

"உப்பளத்துல வேலை செஞ்சிக்கினு மார்ல ஆபரேசன் பண்ணிக்கினவங்க எத்தினி பேரு இருப்பாங்க? அதுக்கு பேரையே போட்டுடலாமே."

"உப்பு முக்கியம்மா. உப்பாலதான்னு நெனைச்சதாலதானே இவ்ளோ நாள் யாருக்கும் தெரியல."

"பொண்ணு கல்யாணம் முடியட்டும். இப்ப உப்பு வேணாம்."

டாக்டரம்மா வாதாடவில்லை. கட்டுரையின் உயிரான சொல் அது. அதை எடுத்துவிட்டு, 'வலுவான வெளிச்சத்தில் திறந்தவெளியில் வேலை செய்யும் பெண்' என்று எழுதினார்.

அது அச்சாகி வருவதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. அச்சான செய்தியைச் சொல்லிவிட்டுப் போக டாக்டரம்மா நேராக உப்பளத்துக்கே வந்தார்; கட்டுரையோடு நானும் போயிருந்தேன். காலை வேலை முடியும் நேரம். சித்தியோடு ஜோடியாகக் கூடை சுமக்கும் பெண்ணும் வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சித்தியை அக்கா என்று கூப்பிடுகிறவள். சித்தி என்னைப் படிக்கச் சொன்னார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"அவ இருக்கட்டும். படி."

சித்தியைப் பற்றிய பத்தியைத் தமிழில் சொன்னேன். மார்பகப் புற்றுநோய், மாத்திரை, நடுப்பார்வை மங்கியது, வெளிச்சத்தில் செய்யும் வேலைதான் காரணம் என்று அவர் நம்பியிருந்தது.

"யாருக்கா அது, பாவம்?" என்றாள் அவள். "வெயில்ல வேலைன்னா நம்மாட்டமா? நமக்கு இந்த நோவெல்லாம் இல்ல. நமக்கு உப்புதான்."

நான் கட்டுரையை மடித்தேன். கல்யாணம் முடிந்துவிட்டாலும், மகள் வாழப்போன வீட்டுக்கு இந்தப் பேச்சு போய்ச்சேர ஒரு பஸ் போதும். சித்தி கையில் ஒட்டியிருந்த உப்பைப் புடவையில் துடைத்தார்.

"எனக்கு உப்பு இல்லடி. நான்தான் அது."

அவள் தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தாள். "கர்ப்பப்பைன்னு சொன்ன?"

"சொன்னேன்."

"நீ படுத்த மாசம் பூரா உன் கூடையையும் சேத்து சுமந்தேன். எங்கிட்டயுமா மறைச்ச?"

"உங்கிட்டதான் மொதல்ல மறைக்கணும். உன் வாய் எனக்குத் தெரியாதா?"

அவள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். எழுந்து வந்து சித்திக்கு நேர் எதிரே, ஒரு முழத் தூரத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"அப்ப இத்தினி நாளா நான் உனக்குத் தெரியலையா?"

"நேரா பாத்தா தெரியல."

சித்தி முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் பக்கம் திருப்பினார். தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு, கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது போலத்தான் தெரியும். ஓர் இடத்தில் நிறுத்தி, கடைக்கண்ணால் நிதானமாகப் பார்த்தார்.

"ம், இப்ப தெரியற," என்றார். "எதுக்குடி அழுவுற?"